குன்றிமணி முதல் யூனிட் வரை: மருந்தளவின் வரலாறு

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தின் உறுப்புக்களை நான்காக வகுத்துரைக்கின்றது. நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து அம்மருந்தை இயற்றிக் கொடுப்பவர் என்பன அந்நான்கு. நோயாளியைப் பற்றியும் மருத்துவரைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் நாம் நிறையப் பேசுகின்றோம். நான்காமவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தாதி என்றும், நர்ஸ் என்றும், சிஸ்டர் என்றும், செவிலியர் என்றும் பல பெயரால் அழைக்கப்படும் அவர், மருத்துவர் எழுதிய சீட்டுக்கும் நோயாளியின் உடலுக்கும் நடுவே நிற்கின்றார். சீட்டில் இருப்பது ஓர் எண். உடலுக்குள் செல்வதோ ஒரு பொருள். எண்ணைப் பொருளாக்கும் கணக்கு அவர் கையில் இருக்கின்றது. வீட்டிலே குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றும் தாயும் அந்த நொடியில் அந்த நான்காமவரே ஆகின்றார். இந்தக் கணக்கு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு மாறியது, எங்கெங்கே இடறுகின்றது என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம்மவர் யாவரும் அறிந்த பழமொழி. ஐரோப்பாவில் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரசெல்சஸ் என்னும் மருத்துவர் ஏறத்தாழ இதே கருத்தைத் தம் துறையின் அடிப்படையாக வைத்தார். எல்லாப் பொருளிலும் நஞ்சு உண்டு. நஞ்சா அன்றா என்பதை முடிவு செய்வது அளவே என்பது அவர் கொள்கை. பழமொழி மிகுதியை மட்டுமே எச்சரிக்கின்றது. மருத்துவத்திலோ குறையும் அதே அளவு கொடியது. போதாத அளவில் கொடுத்த மருந்து நோயைத் தீர்க்காது. தீர்த்துவிட்டதாக நம்மை ஏமாற்றவும் செய்யும். ஆகவே, மிகாமலும் குறையாமலும் அளக்க ஒரு கருவியும் ஒரு கணக்கும் வேண்டியிருந்தன.

முதற் கருவிகள் விதைகளே. நம் நாட்டுச் சித்த வைத்தியர்கள் அரிசி எடை, குன்றிமணி எடை, வராகன் எடை, பலம் என்று அளந்தார்கள். குன்றிமணியின் எடை இன்றைய கணக்கில் ஏறத்தாழ 130 மில்லிகிராம். ஆங்கில மருந்துக் கடைக்காரர்களின் அடிப்படை அளவான கிரெயினும் தானியமணியிலிருந்தே பிறந்தது; அச்சொல்லின் பொருளே தானியமணி என்பதாகும். ஒரு கிரெயின் ஏறத்தாழ 65 மில்லிகிராம். அதாவது, இரண்டு கிரெயின் சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு குன்றிமணி. கடல்களுக்கு அப்பாலும் இப்பாலும் இருந்த இரு மருத்துவ மரபுகள், ஒன்றையொன்று அறியாமலே விதைகளைத் தராசில் இட்டன என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. விதை எங்கும் கிடைக்கும்; ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடாது; எழுத்தறியாதவரும் எண்ணலாம். பண்டைக்கால வைத்தியருக்கு இதைவிட நல்ல படிக்கல் ஏது?

ஆங்கிலேயரின் ஆட்சியோடு அவர்களுடைய மருந்தளவு வாய்பாடும் நம் மருத்துவமனைகளுக்கு வந்தது. 20 கிரெயின் ஒரு ஸ்குரூப்பிள்; 3 ஸ்குரூப்பிள் ஒரு டிராம்; 8 டிராம் ஓர் அவுன்ஸ். ஆக, மருந்துக் கடை அவுன்ஸுக்கு 480 கிரெயின். ஆனால் மளிகைக் கடை அவுன்ஸுக்கோ 437½ கிரெயின்தான். பெயர் ஒன்று, எடை இரண்டு. நீர்ம மருந்துக்கு வேறொரு வாய்பாடு: 60 மினிம் ஒரு திரவ டிராம்; 8 திரவ டிராம் ஒரு திரவ அவுன்ஸ். பைண்டு என்னும் அளவுக்கு இங்கிலாந்தில் 20 அவுன்ஸ். அமெரிக்காவில் 16 அவுன்ஸ். ஒரு நாட்டுப் புத்தகத்தைப் படித்துவிட்டு மறு நாட்டு மருந்தைக் கலப்பவர் எவ்வளவு விழிப்பாக இருந்திருக்க வேண்டும்!

இவ்வாய்பாட்டில் எழுத்தாலும் ஆபத்து விளைந்தது. டிராமுக்கும் அவுன்ஸுக்கும் வழங்கிய குறிகள் இரண்டும் 3 என்னும் எண்ணைப் போன்ற சுழிகள். அவுன்ஸுக்குத் தலையில் ஒரு வளைவு கூடுதல். அவசரத்தில் எழுதிய கை அவ்வளைவைக் கூட்டினாலோ விட்டாலோ மருந்து எட்டு மடங்கு மாறும். கிரெயினுக்கும் கிராமுக்கும் வழங்கிய ஆங்கிலச் சுருக்கங்களும் ஓரெழுத்தே வேறுபட்டன. அங்கே பிழை நேர்ந்தால் வேறுபாடு பதினைந்து மடங்கு. பிற்காலத்தில் மருத்துவர்கள் குறிகளை விடுத்து அளவின் பெயரை முழுமையாக எழுத வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டதற்கு இத்தகைய ஒற்றுமைகளே காரணம்.

துளியின் கதையும் இதைப் போன்றதே. நெடுங்காலம் நீர்ம மருந்துகள் துளிக் கணக்கில் கொடுக்கப்பட்டன. ஆனால் துளி என்பது ஓர் அளவன்று. அது ஒரு நிகழ்ச்சி. குப்பியின் வாய் அகன்றிருந்தால் துளி பெருக்கும், குறுகியிருந்தால் சிறுக்கும். தண்ணீரின் துளி பெரிது. சாராயத்தில் ஊறிய மருந்தின் துளி சிறிது. ஒருவர் இருபது துளி விட்டதும் மற்றொருவர் இருபது துளி விட்டதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இக்குறையைக் களையவே 1809-ஆம் ஆண்டு லண்டன் மருந்தியல் நூல் மினிம் என்னும் அளவை ஏற்றது. எண்ணப்படும் துளிக்குப் பதிலாக, கோடிட்ட கண்ணாடிக் குழாயில் அளக்கப்படும் பங்கு வந்தது. எண்ணுவதிலிருந்து அளப்பதற்குச் சென்ற இந்த ஓரடி, மருந்தளவின் வரலாற்றில் பெரியதோர் அடியாகும்.

பின்னாளில் துளி வேறொரு வாயிலால் மருத்துவமனைக்குள் திரும்பி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். நரம்பு வழியே குளுகோஸும் உப்பு நீரும் ஏற்றும்போது செவிலியர் மீண்டும் துளிகளை எண்ணுகின்றார். ஆனால் இப்போது துளியின் அளவைக் குழாயின் அமைப்பே வரையறுத்து வைத்திருக்கின்றது. வழக்கமான குழாய்களில் 20 துளி ஒரு மில்லிலிட்டர் என்று கொள்வர். குழந்தைகளுக்கான நுண்குழாயில் 60 துளி ஒரு மில்லிலிட்டர். 500 மில்லிலிட்டரை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க, நிமிடத்துக்கு ஏறத்தாழ 42 துளி என்று வரும். குழாயின் உறையில் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்க்காமல் இக்கணக்கைச் செய்ய இயலாது. நுண்குழாயை வழக்கமான குழாய் என்று கொண்டால் மூன்றில் ஒரு பங்கே உடலுக்குள் செல்லும்.

அளவைச் சோதித்துச் சோதித்து நிலைநாட்டிய முன்னோடிகளுள் ஒருவர் வில்லியம் விதரிங் என்னும் ஆங்கில மருத்துவர். நீர்க்கோவை நோய்க்கு ஒரு கிராமத்து மூதாட்டி மூலிகைக் கலவை கொடுத்துவந்ததை 1775-இல் கேள்விப்பட்ட அவர், அக்கலவையில் பயன் தருவது டிஜிட்டாலிஸ் என்னும் செடியே என்று கண்டார். பத்தாண்டு காலம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, நன்மை செய்த இடத்தையும் தீங்கு செய்த இடத்தையும் மறைக்காமல் 1785-இல் நூலாக வெளியிட்டார். உலர்ந்த இலைத்தூள் ஒன்று முதல் மூன்று கிரெயின், நாளைக்கு இருமுறை என்பது அவர் விதித்த அளவு. இலை எப்போது பறிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் வீரியம் மாறும் என்பதால், பூக்கும் பருவத்தில் பறிக்கச் சொன்னார். சிறுநீர், வயிறு, நாடி, குடல் ஆகிய ஏதேனும் ஒன்றில் மருந்தின் வேலை தெரியத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும் என்றும் விதித்தார். கொடுப்பவர் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று போய்விடலாகாது, அருகிருந்து பார்க்க வேண்டும் என்னும் நெறி அதில் அடங்கியிருக்கின்றது. இன்று இதய நோய்க்கு டிகாக்ஸின் கொடுக்குமுன் செவிலியர் நாடியை எண்ணுவது அந்நெறியின் தொடர்ச்சியே. அம்மருந்து 1930-இல் அதே இனச் செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வழக்கமான மாத்திரையில் இருப்பது கால் மில்லிகிராம். அதாவது ஒரு கிரெயினில் ஏறத்தாழ 260-இல் ஒரு பங்கு. இலையைத் தராசில் நிறுத்த காலத்துக்கும் நுண்ணளவு காலத்துக்கும் உள்ள தொலைவை இந்த எண் ஒன்றே காட்டிவிடும்.

நம் நாட்டு வரலாற்றில் அளவின் அருமையை உணர்த்திய மருந்து கொயினா. 1820-இல் பிரான்சில் பெல்த்தியே, கவாந்து என்னும் இருவர் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1860-ஐ ஒட்டி கிளெமென்ட்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து சிங்கோனாக் கன்றுகளை நீலகிரிக்குக் கொணர்ந்தார். நீலகிரியில் நடுவட்டத்திலும், வங்காளத்தில் டார்ஜிலிங்கை அடுத்த மங்பூவிலும் கொயினா செய்யப்பட்டது. காய்ச்சல் மிகுந்த சிற்றூர்களில் தராசும் இல்லை, மருந்துக் கடையும் இல்லை. ஆனால் அஞ்சலகம் இருந்தது. 1892-இல் வங்காளத்தில் ஜார்ஜ் கிங் என்பவரின் முயற்சியால், அளந்து மடித்த கொயினாப் பொட்டலங்கள் ஒரு பைசா விலையில் அஞ்சலகங்களில் விற்கப்பட்டன. கடிதம் கொண்டுவரும் இடமே மருந்தும் தந்தது. மலிவு என்பதைவிடப் பெரிய சிறப்பு ஒன்று அதில் உண்டு. ஒரு பொட்டலம் ஒரு வேளை அளவு. அளக்கும் பொறுப்பு படிக்காத உழவரின் கையிலிருந்து நீங்கி, தொழிற்சாலைத் தராசுக்குச் சென்றது.

மாத்திரை செய்ததும் இதே தொண்டைத்தான். 1843-இல் வில்லியம் பிராக்கிடன் என்பவர் இங்கிலாந்தில் தூளை அச்சில் அழுத்தி வில்லையாக்கும் முறைக்கு உரிமம் பெற்றார். 1884-இல் பரோஸ் வெல்கம் நிறுவனம் அழுத்திய மாத்திரைகளுக்கு ‘டேப்லாய்டு’ என்னும் பெயரைப் பதிவு செய்தது. இதற்கிடையில் 1853-இல் எடின்பரோவில் அலெக்சாண்டர் உட், பிரான்சில் பிராவாஸ் ஆகிய இருவரும் ஊசிக் குழலைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். விழுங்கிய மருந்து மெல்ல வேலை செய்யும். பிழையை உணர்ந்து மாற்றுச் செய்யச் சிறிது அவகாசம் உண்டு. ஊசியில் சென்றதைத் திரும்ப அழைக்க இயலாது. ஆகவே, ஊசி வந்தபின் கணக்கின் பொறுப்பு முன்னைவிடக் கனத்தது.

அக்கணக்கு எத்தகையது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அக்காலச் செவிலியர் பள்ளிகளில், கரைத்து ஊசி போடும் மார்பின் மாத்திரை கால் கிரெயின் அளவில் இருக்கும். மருத்துவரோ ஆறில் ஒரு கிரெயின் கொடுக்கச் சொல்லியிருப்பார். மாத்திரையை 15 மினிம் நீரில் கரைத்தால் எத்தனை மினிம் எடுக்க வேண்டும்? ஆறில் ஒன்றை நாலில் ஒன்றால் வகுக்க, மூன்றில் இரண்டு. 15-இல் மூன்றில் இரண்டு 10 மினிம். பகலில் மேசையருகே அமர்ந்து செய்தால் எளிய கணக்கு. இரவு இரண்டு மணிக்கு, வலியால் துடிக்கும் நோயாளியின் குரலைக் கேட்டுக்கொண்டு செய்வது வேறு. மேலும், பின்னத்தில் கீழெண் பெருகினால் மதிப்புச் சிறுக்கும். நூற்றில் ஒன்றைவிட நூற்றைம்பதில் ஒன்று சிறிது என்பதைக் களைத்த கண் மறந்துவிடும். மாகாணி, அரைக்கால், கால் என்று திண்ணைப் பள்ளியில் கீழ்வாயிலக்கம் ஒப்பித்த தலைமுறையினருக்கு இக்கணக்கு ஒருவேளை இயல்பாக வந்திருக்கலாம். மற்றவர்க்கு அது அச்சம் தருவதே.

இத்தகைய பொறுப்பைச் சுமக்கும் தொழிலுக்கு நம் நாட்டில் ஒழுங்கான பயிற்சி மெல்லவே வளர்ந்தது. சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளி அமைத்தார். 1946-இல் வேலூரிலும் டெல்லியிலும் பட்டப் படிப்புக்கான கல்லூரிகள் உருவாயின. அதே ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, நாட்டில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஒரு செவிலியரே இருக்கின்றார் என்று கணக்கிட்டது. 1947-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் இந்தியச் செவிலியர் மன்றம் அமைந்து, நாடெங்கும் ஒரே தரமான பாடத்திட்டத்துக்கு வழி பிறந்தது. 2023-இல் தேசியச் செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையத்துக்கான புதிய சட்டம் நிறைவேறியது. ஒருவர் கையில் பலருடைய மருந்துகள் குவியும்போது பிழைக்கு இடம் மிகும். ஆதலால் செவிலியரின் எண்ணிக்கையும் மருந்தளவுப் பாதுகாப்பின் ஒரு பகுதியே எனலாம்.

சுதந்திர இந்தியா அளவைக் குழப்பத்துக்கு முடிவுகட்ட முனைந்தது. 1955-இல் இந்திய மருந்தியல் நூலின் முதற்பதிப்பு வெளியாயிற்று. 1956-இல் எடை, அளவைத் தரச் சட்டம் நிறைவேறியது. 1957 ஏப்ரல் முதல் நாள் நயா பைசா வந்தது. 1958 அக்டோபரில் தொடங்கிப் படிப்படியாக மெட்ரிக் எடைகள் வந்தன. 1962 ஏப்ரலில் அவை நாடெங்கும் கட்டாயமாயின. சேரும் தோலாவும் கடைத்தெருவை விட்டுப் போனதைப் போல, கிரெயினும் டிராமும் மருந்தறையை விட்டுப் போயின. 1795-இல் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சட்டமான முறை, ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின் நம் படுக்கையோரத்துக்கு வந்து சேர்ந்தது. ஆயிரத்தால் பெருக்கு, ஆயிரத்தால் வகு என்னும் ஒரே விதி பல வாய்பாடுகளின் இடத்தைப் பிடித்தது.

ஆனால் பழைய அளவுகள் முற்றும் மறைந்துவிடவில்லை. 325 மில்லிகிராம் என்னும் விந்தையான எண்ணைச் சில ஆஸ்பிரின், பாரசிட்டமால் மாத்திரைகளின் மேல் காண்கின்றோமே, அது வேறொன்றுமில்லை. பழைய ஐந்து கிரெயின்தான். வலிப்பு நோய்க்கான பினோபார்பிட்டோன் 30, 60 மில்லிகிராம் என்று வருவது அரை கிரெயின், ஒரு கிரெயின் என்பவற்றின் நிழல். அட்ரோபின் ஊசி மருந்தில் மில்லிலிட்டருக்கு 0.6 மில்லிகிராம் இருப்பது நூற்றில் ஒரு கிரெயினின் மிச்சம். ஊர்ப் பெயர்களில் பழைய அரசுகள் ஒளிந்திருப்பதைப் போல, மாத்திரை உறைகளில் பழைய தராசுகள் ஒளிந்திருக்கின்றன.

மெட்ரிக் முறை வந்ததும் பிழை ஒழிந்ததா? பழைய பிழை போய்ப் புதியது வந்தது. பின்னத்தின் இடத்தைத் தசமப்புள்ளி பிடித்தது. புள்ளி ஓரிடம் தவறினால் மருந்து பத்து மடங்காகும், அல்லது பத்தில் ஒன்றாகும். .5 என்று எழுதினால் புள்ளி மங்கி 5 ஆகிவிடும். ஆகவே முன்னே சுழியிட்டு 0.5 என்று எழுத வேண்டும். 5.0 என்று எழுதினால் 50 ஆகிவிடும். ஆகவே பின்னே சுழி கூடாது. முன் சுழி வேண்டும், பின் சுழி வேண்டா. இந்தச் சிறு விதியைச் செவிலியர் கல்லூரிகளில் இன்று முதற்பாடமாகவே கற்பிக்கின்றார்கள்.

குழந்தையின் அளவுக்குத் தனி வரலாறு உண்டு. ஒளி அலையாகச் செல்கின்றது என்று சோதனையால் காட்டியவரும், எகிப்தின் ரொசெட்டாக் கல்லெழுத்தைப் படிக்க முயன்று வழிகண்டவருமான தாமஸ் யங், தொழிலால் மருத்துவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்போன்றோர் அவரைக் கல்லெழுத்துக்காக நினைப்பதுண்டு. செவிலியர்களோ அவரைக் குழந்தைக் கணக்குக்காக நினைத்தார்கள். குழந்தையின் வயதை, வயதோடு 12 கூட்டிய தொகையால் வகுத்தால், பெரியவர் அளவில் எத்தனை பங்கு என்பது கிடைக்கும் என்பது அவர் பெயரால் வழங்கிய விதி. நான்கு வயதுக் குழந்தைக்கு 4-ஐ 16-ஆல் வகுக்கக் கால் பங்கு. எளிய விதி, ஆனால் ஒரே வயதில் ஒரு குழந்தை கொழுகொழுவென்றும் மற்றொன்று நோஞ்சானாகவும் இருக்குமே! ஆகவே இன்று வயதை விடுத்து எடையைக் கொள்கின்றார்கள்: கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்பதே கணக்கு.

மருத்துவர் கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாரசிட்டமால் என்று முடிவு செய்தார் என்று கொள்வோம். 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 180 மில்லிகிராம். இனி அதை எத்தனை மில்லிலிட்டரில் கொடுப்பது? வேண்டியதைக் கையிலிருப்பதால் வகுத்து, அது கரைந்துள்ள நீர்மத்தின் அளவால் பெருக்க வேண்டும். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 7.5 மில்லிலிட்டர். 5 மில்லிலிட்டரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3.6 மில்லிலிட்டர். இவற்றோடு ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் அடங்கிய சொட்டு மருந்தும் கடையில் உண்டு, அது 1.8 மில்லிலிட்டரே போதும். ஒரே மருந்து, ஒரே பெயர், மூன்று வீரியம். சென்ற மாதக் குப்பியின் நினைவில் இந்த மாதக் குப்பியை ஊற்றலாகாது. கரண்டியும் நம்பத்தக்கதன்று. சமையலறைக் கரண்டிகள் வீட்டுக்கு வீடு வேறு. பாலாடையும் சங்கும் பால் புகட்ட வந்தவை, மருந்து அளக்க வந்தவை அல்ல. குப்பியோடு வரும் கோடிட்ட மூடியோ, ஊசியில்லாத குழலோதான் வேண்டும்.

இனி, மருந்தளவின் வரலாற்றிலேயே மிகவும் விந்தையான அளவுக்கு வருவோம். 1921, 1922-ஆம் ஆண்டுகளில் கனடாவின் டொரான்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட், மக்லியாட், கோலிப் ஆகியோரின் உழைப்பால் இன்சுலின் நோயாளியை எட்டியது. அன்றைய இன்சுலின் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த கலப்பான சாறு. அதன் எடை உண்மையான மருந்தின் அளவைக் காட்டாது. ஆகவே அதை எடையால் அளக்காமல் வேலையால் அளந்தார்கள். முயலின் இரத்தச் சர்க்கரையைக் குறிப்பிட்ட அளவுக்குத் தாழ்த்தும் ஆற்றலிலிருந்து யூனிட் என்னும் அலகு பிறந்தது. நாட்டுக்கு நாடு யூனிட் வேறுபடாதிருக்க, ஹென்றி டேல் போன்ற அறிஞர்களின் முயற்சியால் சர்வதேச சங்கத்தின் சுகாதார அமைப்பு 1925-இல் உலகுக்கு ஒரே தரத்தை நிறுவியது. தரமாக வைக்கப்பட்ட தூளில் ஒரு மில்லிகிராமுக்கு 8 யூனிட் என்பது அன்றைய கணக்கு.

யூனிட் ஒன்றாயிற்று, ஆனால் கரைசலின் வீரியம் ஒன்றாகவில்லை. மில்லிலிட்டருக்கு 20, 40, 80 யூனிட் என்று பல வகைக் குப்பிகள் வந்தன. பிரிட்டனில் நெடுங்காலம் வழங்கிய ஊசிக்குழலில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 கோடுகள். ஒரு கோடு ஒரு குப்பிக்கு ஒரு யூனிட், வேறொரு குப்பிக்கு இரண்டு, மற்றொன்றுக்கு நான்கு. கோடும் யூனிட்டும் ஒன்றென்று எண்ணிய நோயாளிகள் இடர்ப்பட்டார்கள். இத்தொல்லையை நீக்கப் பல நாடுகள் 100 யூனிட் என்னும் ஒரே வீரியத்துக்கு மாறின. பிரிட்டன் 1983-இல் மாறியது. நம் நாட்டிலோ மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள குப்பியும், 100 யூனிட் உள்ள வகையும் அருகருகே வழங்கிவருகின்றன. 40-க்கு உரிய ஊசிக்குழலின் மூடி சிவப்பு. 100-க்கு உரியது ஆரஞ்சு.

இரண்டையும் மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். மருத்துவர் எழுதியது 20 யூனிட். 40 யூனிட் குப்பியிலிருந்து 100 யூனிட் குழலில் 20-ஆம் கோடு வரை இழுத்தால், வருவது 0.2 மில்லிலிட்டர், அதில் இருப்பது 8 யூனிட் மட்டுமே. சர்க்கரை தணியாது. மாறாக, 100 யூனிட் குப்பியிலிருந்து 40 யூனிட் குழலில் 20-ஆம் கோடு வரை இழுத்தால், வருவது அரை மில்லிலிட்டர். அதில் இருப்பது 50 யூனிட். சர்க்கரை பெரிதும் தாழ்ந்து, நோயாளி மயக்கமுற்று உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். எழுதியவரும் தவறவில்லை, படித்தவரும் தவறவில்லை. கோடும் சரி, எண்ணும் சரி. குப்பியும் குழலும் பொருந்தவில்லை, அவ்வளவே. குப்பியின் மேலுள்ள எண்ணும் குழலின் மேலுள்ள எண்ணும் ஒன்றா என்று ஒருமுறை பார்ப்பது இத்தனை பெரிய தீங்கைத் தடுத்துவிடும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்கு மற்றுமொரு கவலை உண்டு. அது மொழி பற்றியது. முதலில் நம் சொல்லையே பார்ப்போம். மில்லிகிராமையும் மில்லி என்கின்றோம். மில்லிலிட்டரையும் மில்லி என்கின்றோம். ஐந்து மில்லி என்றால் மருந்தின் எடையா, நீர்மத்தின் அளவா? இரண்டும் ஒன்றல்ல என்பதை மேலே கண்டோம். இனி அயல்மொழிக்கு வருவோம். தமிழில் ஒன்றரை, இரண்டரை என்று எண்ணின் பெயரே வெளிப்படையாக நிற்கின்றது. இந்தியில் ஒன்றரைக்கு டேட், இரண்டரைக்கு டாயி. மராத்தியில் தீட், அடீச். வங்காளியில் டேட், ஆடாய். ஒன்றேகாலுக்கு ஸவா, ஒன்றேமுக்காலுக்குப் பௌனே தோ, அதாவது இரண்டுக்குக் கால் குறைவு. புதிதாக வந்தவர் காதில் தோ என்பது மட்டும் விழுந்தால் அளவு இரண்டாகிவிடும். கல் என்னும் இந்திச் சொல் நேற்றையும் குறிக்கும், நாளையையும் குறிக்கும். வினைச்சொல்லைக் கேட்டுத்தான் பொருள் தெளிய வேண்டும். மருந்தை எப்போது நிறுத்துவது என்று கேட்டவருக்கு இது சிறிய செய்தியன்று. ஆகவே வாய்ச்சொல்லோடு நில்லாமல், அளவை எண்ணாலும் அலகாலும் தாளில் எழுதித் தரும்படி கேட்பதில் வெட்கம் வேண்டுவதில்லை. இலக்கம் எல்லா மாநிலத்துக்கும் பொது.

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தும் செவிலியர் மனப்பாடமாகக் கொண்ட ஐந்து நெறிகள். ஆயினும் தனி மனிதரின் கவனம் மட்டுமே போதாது என்பதை அண்மைக் காலம் கற்றுக்கொண்டது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம், மருந்தால் நேரும் தவிர்க்கக்கூடிய கடுந்தீங்கை ஐந்தாண்டில் பாதியாகக் குறைப்பது என்னும் இலக்கோடு ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. 2022-இல் செப்டம்பர் 17-ஆம் நாள் கொண்டாடப்பட்ட உலக நோயாளிப் பாதுகாப்பு நாளின் பொருளும் மருந்துப் பாதுகாப்பே. பிழை நேர்ந்தபோது ஒருவரைத் தண்டித்துவிட்டு அமைவதைவிட, ஒத்த தோற்றமுள்ள குப்பிகளைப் பிரித்து வைப்பதும், ஆபத்தான மருந்துகளை இருவர் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடுவதும், ஒலியால் வந்த ஆணையைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்வதும் பயன் தரும் என்பது இன்றைய கொள்கை. இருவர் கணக்கிடும்போது, ஒருவர் விடையை மற்றவர் பார்த்துத் தலையசைப்பது ஒப்பீடாகாது. தாமே தனியாகச் செய்து பார்க்க வேண்டும்.

வீட்டிலிருப்போரும் இதில் பங்குகொள்ளலாம். மருந்து உட்கொள்ளுமுன் அதன் பெயரையும், எத்தனை மில்லிகிராம் அல்லது எத்தனை யூனிட் என்பதையும், எத்தனை நாள் என்பதையும் கேட்டறியுங்கள். கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று வினவுங்கள். குழந்தையின் எடையை மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊர் மாறும்போது பழைய சீட்டையும் பழைய உறையையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் செவிலியர் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போடும் அந்த ஒரு நிமிடத்தில் அவரிடம் வேறு பேச்சுக் கொடாதீர்கள். அவர் இரண்டாம் முறை உங்கள் பெயரைக் கேட்டால் சலித்துக்கொள்ளாமல் விடை சொல்லுங்கள். அவர் மறந்துபோய்க் கேட்கவில்லை, உறுதி செய்துகொள்வதற்காகவே கேட்கின்றார்.